அமிழ்வு சரி, ஸ்பிரிங் தவறு: ஓர் ஆஃப்ரோடு பைக்கின் பின்பக்க சஸ்பென்ஷன் குறித்த நிகழ்வு ஆய்வு

புகார்

ஆய்வுக்கு வந்த பைக் 450 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் ரகத்தைச் சேர்ந்தது. பின்சக்கரத்துக்கு ஒற்றை ஷாக் அப்சார்பர், அதன் அடியில் லிங்கேஜ் (ஷாக்கைச் சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைக்கும் நெம்புகோல் அமைப்பு), சுமார் 300 மி.மீ. சக்கர நகர்வு என்று இந்த ரகத்தில் பரவலாகக் காணும் அமைப்பே இதிலும் இருந்தது. ரைடரின் எடை ஹெல்மெட், பூட்ஸ், உடற்கவசம் எல்லாம் சேர்த்து 97 கிலோ. வளைவுக்கு முன் எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்து மண் அலையலையாகிவிட்ட இடங்களில் பின்பக்கம் தூக்கி அடிக்கிறது, சில சமயம் பக்கவாட்டிலும் தள்ளிவிடுகிறது என்பதே அவருடைய முதல் புகார். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின்பக்கம் அளவுக்கு மீறி உட்கார்ந்துவிடுகிறது, முன்சக்கரம் பிடிமானம் இழந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பது இரண்டாவது. பெரிய தாவலிலிருந்து இறங்கும்போது ஷாக் அடிதட்டுகிறது, அதாவது நகர்வு முழுதும் தீர்ந்து இடிக்கிறது என்பது மூன்றாவது.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முதலாவது ‘சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்கிறது’ என்றும் மற்ற இரண்டும் ‘தளர்வாக இருக்கிறது’ என்றும் சொல்வது போலத் தோன்றும். அந்த முரண்பாடுதான் ரைடரைச் சுற்றலில் விட்டிருந்தது. பின்பக்கம் தூக்கி அடிப்பதற்கு ரீபவுண்ட் வேகமே (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம்) காரணம் என்று எண்ணி, அவர் ரீபவுண்ட் திருகைப் படிப்படியாக மூடிக்கொண்டே போயிருக்கிறார். மூட மூட, வரிசையாக வரும் மேடுகளில் சக்கரம் திரும்பிக் கீழிறங்க நேரம் கிடைக்காமல், மூன்றாவது நான்காவது மேட்டை அடைவதற்குள் ஷாக் பாதி நகர்வைத் தின்றுவிட்டிருக்கிறது. இதனால் பின்பக்கம் கல்லாக இடிக்கவே, அதை மென்மையாக்குவதற்காகக் கம்ப்ரெஷனை (ஷாக் உள்ளே அமுங்கும்போது அதைத் தடுக்கும் டேம்பிங்கை) திறந்திருக்கிறார். கம்ப்ரெஷனைத் திறந்ததும் தாவலில் அடிதட்டத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் அதற்கு முந்தைய மாற்றத்தின் விளைவைச் சரிசெய்யவே செய்யப்பட்டது. தொடக்கக் காரணம் எதுவோ அது தொடப்படவே இல்லை.

கழற்றுவதற்கு முன் எடுத்த அளவுகள்

ஷாக்கைக் கழற்றும் அவசரத்தில் அளவு எடுக்காமல் விட்டால், பைக் எந்த நிலையில் வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் மிஞ்சாது. ஆகவே டயர் காற்றழுத்தம், செயின் தளர்வு, பின் ஆக்சில் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையில்) எந்தக் கோட்டில் நிற்கிறது என்பவற்றை முதலில் குறித்துக்கொண்டோம். ஆக்சில் பின்னுக்கு நகர்ந்தால் சக்கரத்துக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் கூடி அமிழ்வு (எடையால் பின்பக்கம் கீழே இறங்கும் அளவு) மாறும் என்பதால், செயினைச் சரியாக வைத்த பிறகே அமிழ்வை அளக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு திருகையும் முழுவதும் மூடி, மூடும்வரை எத்தனை கிளிக் வந்தது என்று எண்ணி, பழைய இடத்துக்கே திருப்பி வைத்தோம். ரீபவுண்ட், முழுதும் மூடிய நிலையிலிருந்து 5 கிளிக் திறந்திருந்தது. கையேட்டின் அளவு 15. மெதுவேகக் கம்ப்ரெஷன் 20 கிளிக்; கையேட்டில் 15. அதிவேகக் கம்ப்ரெஷன் இரண்டரைச் சுற்று. கையேட்டில் 2 சுற்று. (மெதுவேகம், அதிவேகம் என்பவை ஷாக்கின் தண்டு நகரும் வேகத்தைக் குறிப்பவை. பைக் மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போகிறது என்பதற்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை: தாவலுக்கு ஏறும் சரிவில் பைக் விரைந்து போனாலும் தண்டு மெதுவாகவே நகர்கிறது, நடை வேகத்தில் ஒரு கூரிய கல்லின்மீது ஏறினாலும் தண்டு பாய்ந்து உள்ளே போகிறது.)

பின்னர் அமிழ்வு. பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரம் தரையில் படாமல் தொங்கவிட்டு, ஆக்சில் மையத்திலிருந்து செங்குத்தாக மேலே பின் ஃபெண்டரில் ஒட்டிய நாடாக் குறிவரை அளந்தோம். பைக் தன் எடையில் மட்டும் நிற்கும்போது இந்த அளவு எவ்வளவு குறைகிறதோ அது வெற்று அமிழ்வு. முழுக் கவசத்துடன் ரைடர் ஃபுட்பெக் மீது சமநிலையில் நிற்கும்போது எவ்வளவு குறைகிறதோ அது ரைடர் அமிழ்வு. ஒவ்வோர் அளவையும் இரண்டு விதமாக எடுத்தோம்: பின்பக்கத்தை அழுத்திவிட்டு மெல்ல எழ விட்டு ஒரு முறை, கையால் தூக்கிவிட்டு மெல்ல இறங்க விட்டு ஒரு முறை. உராய்வே இல்லாத அமைப்பாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். நல்ல நிலையில் உள்ள பைக்கில் சில மில்லிமீட்டர் வேறுபடும். இதில் 14 மி.மீ. வேறுபட்டது. எங்கோ ஏதோ ஒன்று பிடிக்கிறது என்பது ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

இரண்டு அளவுகளின் சராசரியை எடுத்தபோது ரைடர் அமிழ்வு 105 மி.மீ., வெற்று அமிழ்வு 22 மி.மீ. இந்தப் பைக்குக்குக் கையேடு கேட்பது முறையே 105 மி.மீ., 30 முதல் 40 மி.மீ. ரைடர் அமிழ்வு கையேட்டில் உள்ளபடியே இருந்ததால், ஸ்பிரிங்கில் குறையில்லை என்று ரைடர் முடிவுகட்டி, டேம்பிங் திருகுகளோடு (ரீபவுண்ட், கம்ப்ரெஷன் திருகுகளோடு) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெற்று அமிழ்வை அவர் அளந்ததே இல்லை. இந்த நிகழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கழற்றல்

பைக்கைக் கழுவி உலர்த்திய பிறகே வேலையைத் தொடங்கினோம், ஏனென்றால் ஏர் பாக்ஸ் திறந்திருக்கும்போது உதிரும் ஒரு சிட்டிகை மணல்கூட எஞ்சினுக்குள் போகலாம். சீட், பக்கவாட்டு மூடிகள், சைலன்சர் ஆகியவற்றை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, த்ராட்டில் பாடியைச் சுற்றியுள்ள ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, சப்ஃபிரேமைப் பின்னோக்கி எடுத்தோம். திறந்துகிடந்த காற்று வாயில் சுத்தமான துணியை அடைத்தோம். சில பைக்குகளில் சப்ஃபிரேமைக் கழற்றாமலேயே ஷாக்கைக் கீழ்வழியாக உருவ முடியும். ஆனால் வாயுக் கலன் எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் இழுத்தால் கலனும் ஃபிரேமும் உரசிக் கீறல் விழும்.

பின்சக்கரத்தின் அடியில் மரக்கட்டை வைத்து ஸ்விங் ஆர்மின் எடையைத் தாங்கவைத்த பிறகு, முதலில் லிங்கேஜ் போல்ட், அடுத்து ஷாக்கின் கீழ் போல்ட், கடைசியாக மேல் போல்ட் என்ற வரிசையில் எடுத்தோம். போல்ட் நகர மறுத்தால் சுத்தியலை எடுக்கக் கூடாது. சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்த்தால், பாரம் நீங்கும் ஒரு புள்ளியில் போல்ட் விரலுக்கே வழுக்கிக்கொண்டு வரும். இந்தப் பைக்கில் ஷாக்கின் இரு போல்ட்டுகளும் அப்படியே வந்தன. லிங்கேஜை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் போல்ட் மட்டும் பாரம் நீங்கிய பிறகும் வரவில்லை. ஊடுருவும் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, மென்மையான உலோகத் தண்டை வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மேசையில் கண்டவை

லிங்கேஜ் ஸ்விங் ஆர்மோடு இணையும் அந்த இடத்தின் தூசி சீலைக் கழற்றியதும் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் சேறு போன்ற ஒரு களிம்பு இருந்தது. ஸ்லீவைத் துடைத்துப் பார்த்தபோது, நீடில் பேரிங்கின் ஊசிகள் எங்கெங்கே அழுந்தியிருந்தனவோ அங்கெல்லாம் அச்சு வார்த்தாற்போல் இணைகோடுகளாகத் துரு ஏறியிருந்தது. லிங்கேஜ் முழுச் சுற்றாகச் சுழல்வதில்லை. சிறு கோணத்துக்குள் முன்னும் பின்னும் அசைகிறது. ஆகவே ஊசிகள் எப்போதும் ஏறத்தாழ அதே இடத்தையே மிதிக்கின்றன, அங்கிருந்த கிரீஸ் ஒருமுறை பிதுங்கி வெளியேறினால் தானாகத் திரும்பி வருவதில்லை. அதன்மேல் உயரழுத்த நீர்க்குழாயை லிங்கேஜுக்கு நேராகப் பிடித்துக் கழுவினால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. விரலால் உருட்டிப் பார்த்தபோது ஊசிகள் சில உருளவே இல்லை, சறுக்கின. மற்ற பேரிங்குகள் கிரீஸ் வற்றியிருந்தாலும் பழுதாகவில்லை.

லிங்கேஜ் இல்லாத காலமும் இருந்தது. யமஹா ஒற்றை ஷாக்கைப் போட்டிக்குக் கொண்டுவந்தபோது அது ஸ்விங் ஆர்மோடு நேரடியாகவே இணைந்திருந்தது. 1973-இல் ஹாகன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றது அத்தகைய பைக்கில்தான். 1980களின் தொடக்கத்தில் கவாஸாகி யூனி-டிராக்கையும், சுஸூகி ஃபுல் ஃப்ளோட்டரையும், ஹோண்டா புரோ-லிங்க்கையும் கொண்டுவந்ததிலிருந்து லிங்கேஜ் இந்த ரகத்தின் உறுப்பாகிவிட்டது. நகர்வின் தொடக்கத்தில் மென்மையும் இறுதியில் இறுக்கமும் அதனால் கிடைக்கின்றன. கூடவே, பராமரித்தே தீரவேண்டிய பேரிங்குகளும் வந்து சேர்கின்றன.

ஷாக்கின் தண்டில் கீறல் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, அடிதட்டும்போது தாங்கும் ரப்பர் நொறுங்கவில்லை, மேல்முனை பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே நசுக்கி வைக்கும் பிரீலோட் வளையத்தின் மரைகளைத் தூரிகையால் சுத்தம்செய்து எண்ணெய் தடவிய பிறகே வளையத்தைத் திருப்பினோம், ஏனெனில் மரையில் ஒட்டிய மணலோடு திருப்பினால் அலுமினிய மரை சிதைந்துவிடும். ஸ்பிரிங் முழுதும் தளர்ந்து கையால் ஆட்டும் நிலைக்கு வந்த பின்னரே கீழ்த்தட்டின் பூட்டுவளையத்தை எடுத்தோம். ஸ்பிரிங்கின் தனி நீளத்துக்கும் பொருத்தியிருந்த நீளத்துக்கும் உள்ள வேறுபாடு, அதாவது பிரீலோட், 16 மி.மீ. ஸ்பிரிங்கில் பொறித்திருந்தபடி அதன் வலிமை மில்லிமீட்டருக்கு 45 நியூட்டன்.

ஸ்பிரிங் இல்லாத ஷாக்கின் தண்டைக் கையால் உள்ளே அழுத்திவிட்டபோது, அது உள்ளேயிருக்கும் நைட்ரஜன் அழுத்தத்தால் ஒரே சீராக வெளியே வந்தது. திசை மாறும் இடத்தில் பிடிப்பே இல்லாத வெற்றுநகர்வு எதுவும் விரலுக்குத் தட்டுப்படவில்லை. ரீபவுண்ட் திருகைத் திறந்தபோது தண்டு விரைந்தும், மூடியபோது தாமதித்தும் வந்தது. எனவே டேம்பர் (ஷாக்கின் எண்ணெய் நிறைந்த உட்பகுதி) நலமாகவே இருக்கிறது என்று கொண்டு அதைத் திறக்கவில்லை. இந்த வகைக் கலனில் வாயு சுமார் 10 பார் அழுத்தத்தில் இருக்கும். அதற்குரிய கருவியும் நைட்ரஜனும் கைவசம் இல்லாத யாரும் அந்த மூடியைத் தொடக் கூடாது.

ஸ்பிரிங்கின் கணக்கு

பேரிங்கையும் ஸ்பிரிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எந்தக் குறையை எது தீர்த்தது என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். ஆகவே முதலில் பழுதான பேரிங்கையும் ஸ்லீவையும் மட்டும் மாற்றி, மற்றவற்றைக் கழுவி நீர்புகா கிரீஸ் நிரப்பி, பழைய ஸ்பிரிங்கோடும் கையேட்டின் டேம்பிங் அளவுகளோடும் பைக்கைத் திரும்பப் பூட்டினோம். இரு விதமாக அளந்த அமிழ்வுகளின் வேறுபாடு 14-இலிருந்து 4 மி.மீ. ஆகக் குறைந்தது, சராசரி மாறவில்லை. ஓட்டிப் பார்த்த ரைடர் சிறு கற்களும் வேர்களும் இப்போது கைக்குத் தெரிவதில்லை என்றார். ஆனால் பிரேக் பிடிக்கும் இடத்தில் பின்பக்கம் முன்போலவே தூக்கி அடித்தது, வளைவின் வெளியேற்றத்தில் முன்போலவே உட்கார்ந்தது. ஆக, உராய்வு ஒரு தனிக் குறை. புகாரின் வேர் அதுவல்ல.

வெற்று அமிழ்வு குறைவாக இருந்தால் ஸ்பிரிங் கடினமானது என்றே முதலில் தோன்றும். உண்மை இதற்கு நேரெதிர். எடைக்கு வலிமை போதாத ஸ்பிரிங்கைக் கொண்டு ரைடர் அமிழ்வை 105-க்குக் கொண்டுவர வேண்டுமானால், அதை முன்கூட்டியே அதிகமாக நசுக்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி நசுக்கி வைத்த ஸ்பிரிங், பைக்கின் எடை மட்டும் இருக்கும்போது ஏறக்குறைய முழு நீட்சியிலேயே விறைத்து நிற்கிறது. வெற்று அமிழ்வு 22 என்பது அந்த விறைப்பின் அளவு.

தேவையான ஸ்பிரிங்கை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். ரைடர் அமிழ்வுக்கும் வெற்று அமிழ்வுக்கும் உள்ள வேறுபாடு ரைடரின் எடை மட்டுமே ஸ்பிரிங்கை அமுக்கிய அளவு. பிரீலோட் எதுவாக இருந்தாலும் அது ஏறக்குறைய மாறாது, ஸ்பிரிங்கின் வலிமை கூடினால் அந்த விகிதத்தில் குறையும். இங்கே வேறுபாடு 105-இல் 22 போக 83. இதை 45-ஆல் பெருக்கி 51-ஆல் வகுத்தால் 73 வருகிறது. அதாவது 51 நியூட்டன் ஸ்பிரிங்கில் ரைடர் அமிழ்வை 105-க்கு வைத்தால் வெற்று அமிழ்வு 32-க்கு வர வேண்டும். 48 நியூட்டன் ஸ்பிரிங்கில் 27-தான் வரும், அது போதாது. லிங்கேஜின் விகிதம் நகர்வோடு மாறுவதால் இந்தக் கணக்கு துல்லியமானது அல்ல என்றாலும், எந்த ஸ்பிரிங்கை வாங்குவது என்று முடிவுசெய்ய இது போதும். இந்தப் பைக்கின் கையேடு 45 நியூட்டன் ஸ்பிரிங்கை 75 முதல் 85 கிலோ வரை எடையுள்ளவருக்கும், அதன்மேல் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 3 நியூட்டன் கூடுதலாகவும் பரிந்துரைப்பதும் இதே முடிவுக்கே கொண்டுசெல்கிறது.

51 நியூட்டன் ஸ்பிரிங்கைப் போட்டு ரைடர் அமிழ்வை 105-க்குச் சரிசெய்தபோது பிரீலோட் 10 மி.மீ.-இல் நின்றது, வெற்று அமிழ்வு 32. இந்தப் பைக்கில் வளையத்தின் ஒரு சுற்று 1.5 மி.மீ. பிரீலோட்டுக்குச் சமம், அது சக்கரத்தில் சுமார் 4 மி.மீ. அமிழ்வாகத் தெரிகிறது. ஆகவே கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு அரைச் சுற்றுகளாகவே திருப்பினோம்.

மூன்று புகார்களும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பதை இரண்டு ஸ்பிரிங்குகளின் விசையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். ஷாக் முழுதும் நீண்டிருக்கும்போது பழைய ஸ்பிரிங் 16 மி.மீ. நசுங்கி 720 நியூட்டன் விசையோடு தள்ளியது. புதியது 10 மி.மீ. நசுங்கி 510 நியூட்டனோடு தள்ளுகிறது. ரைடர் ஏறி நிற்கும் இடத்தில், அதாவது ஷாக் சுமார் 36 மி.மீ. உள்ளே போன நிலையில், இரண்டும் ஏறக்குறைய 2340 நியூட்டன். அங்கே வேறுபாடே இல்லை. ரைடர் அமிழ்வை மட்டும் அளந்தவருக்கு எந்தக் குறையும் தென்படாததன் காரணம் இதுதான். ஷாக் 100 மி.மீ. உள்ளே போனால் பழையது 5220 நியூட்டன் தாங்கியது, புதியது 5610 நியூட்டன் தாங்குகிறது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் இலேசாகி, ஷாக் நீண்ட நிலைக்கு அருகே வருகிறது. அந்த இடத்தில் பழைய ஸ்பிரிங் தேவைக்கு மீறிய விசையோடு சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு மேடும் சஸ்பென்ஷனுக்குள் போகாமல் சீட்டுக்குப் போயிற்று. மேட்டுக்கு அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையைத் தொடர வேண்டும். ஆனால் கீழ்நோக்கி மிஞ்சியிருந்த நகர்வு மிகக் குறைவு என்பதால் அது காற்றில் தொங்கிவிட்டு, பின்னர் பக்கவாட்டில் எங்கேனும் வந்து விழுந்தது. இதே ஸ்பிரிங், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதும் தாவலிலிருந்து இறங்கும்போதும், அதாவது ஆழமான நகர்வில், தாங்கவேண்டியதைத் தாங்கவில்லை. மேலே விறைப்பு, கீழே தளர்வு: இது ஒரே குறையின் இரு முனைகள். டேம்பிங் திருகுகள் நகர்வின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. ஷாக் எந்த இடத்தில் எவ்வளவு விசையோடு நிற்கிறது என்பதை அவற்றால் மாற்ற முடியாது. எத்தனை கிளிக் திருப்பினாலும் இந்தப் பைக் குணமாகாமல் இருந்ததில் வியப்பில்லை.

டேம்பிங்

ஸ்பிரிங் சரியான பின் டேம்பிங் வேலை சுருக்கமாக முடிந்தது. எண்ணெய் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, தடத்தின் அதே பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், இரண்டு கிளிக் அளவில் மாற்றிப் பார்த்தோம். குளிர்ந்த எண்ணெயில் சரியாகத் தோன்றும் ரீபவுண்ட் சூடேறியதும் வேகமாகிவிடும் என்பதால் முதல் சில நிமிடங்களின் உணர்வை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ரீபவுண்ட் 12 கிளிக்கில் நின்றது. கையேட்டின் 15-ஐவிட இது சற்று மூடியது. வலிமை கூடிய ஸ்பிரிங் ஆழத்திலிருந்து அதிக விசையோடு திரும்பி வருவதால் அதைத் தடுக்கக் கூடுதல் டேம்பிங் தேவைப்படுவது இயல்பே. மெதுவேகக் கம்ப்ரெஷன் 14 கிளிக்கிலும், அதிவேகக் கம்ப்ரெஷன் கையேட்டின் 2 சுற்றிலும் நின்றன. ரைடர் அதுவரை கம்ப்ரெஷனைத் திறந்து தேடிக்கொண்டிருந்த மென்மை, ரீபவுண்டை விடுவித்ததிலேயே கிடைத்துவிட்டது. நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மேடுகளின் வரிசையில் பின்பக்கம் கடினமாக இடிப்பதாகச் சொல்லி வரும் பைக்குகளில் கம்ப்ரெஷனைத் தொடுவதற்கு முன் ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஷாக் திரும்பி வராததால் உண்டாகும் இடியும், ஷாக் உள்ளே போகாததால் உண்டாகும் இடியும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

தண்டில் மெல்லியதாகத் தடவிய கிரீஸ் எதுவரை வழிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தபோது, தடத்தின் மிகப் பெரிய தாவலில் ஷாக் தாங்கு ரப்பரை நன்றாகத் தொட்டு அமுக்கியிருந்தது. முழு நகர்வும் எப்போதேனும் ஒருமுறை பயன்பட வேண்டும் என்பதால் இதை அடிதட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. உலோகம் மோதும் சத்தம் இப்போது இல்லை. பிரேக் பிடிக்கும் இடத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழுவது நின்றது. வளைவின் வெளியேற்றத்தில் முன்சக்கரம் தன் கோட்டிலேயே நின்றது; இதற்காக முன் ஃபோர்க்கில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் உட்கார்ந்து ஃபோர்க்கின் சாய்வு கூடியதாலேயே முன்பக்கம் அகன்று ஓடியது என்பது இதிலிருந்து உறுதியானது. ஃபோர்க் ஸ்பிரிங்கும் இலேசான ரைடருக்கு உரியதே என்பதால் அதையும் மாற்றினால் மேலும் நன்றாக இருக்கும். ஆனால் அது இந்தப் புகாரின் பகுதி அல்ல.

எஞ்சியவை

ஷாக்கின் உள்ளே உள்ள ஷிம் அடுக்குகள் (எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து டேம்பிங் தரும் மெல்லிய தகடுகள்) சுமார் 80 கிலோ ரைடரை எண்ணி அமைக்கப்பட்டவை. ரீபவுண்ட் இப்போது திருகின் பயனுள்ள எல்லைக்குள் இருந்தாலும், நீண்ட ஓட்டத்தில் எண்ணெய் மிகச் சூடாகும்போது மேலும் ஓரிரு கிளிக் மூட வேண்டிவரலாம். அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது அந்த அடுக்குகளைப் புதிய ஸ்பிரிங்குக்கு ஏற்ப மாற்றியமைப்பதே முறை. புதிய ஸ்பிரிங் முதல் சில மணிநேர ஓட்டத்தில் சிறிதளவு தணியும் என்பதால் அமிழ்வை மறுபடி அளந்தோம். ரைடர் அமிழ்வு 107 ஆகியிருந்தது, அரைச் சுற்றில் திரும்ப 105-க்கு வந்தது. எல்லா போல்ட்டுகளையும் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்கி, பழைய அளவுகளும் புதிய அளவுகளும் எழுதிய தாளோடு பைக்கை ஒப்படைத்தோம். லிங்கேஜைக் கழற்றிக் கிரீஸ் நிரப்பும் வேலை, குறிப்பாகத் தண்ணீரும் சேறும் நிறைந்த ஓட்டங்களுக்குப் பிறகு, தள்ளிப்போடக் கூடாத ஒன்றாக அந்தத் தாளின் முதல் வரியில் எழுதப்பட்டது.